இறால் பிடிப்பில் லாபக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் இறாலை எத்தனை படகுகள், எந்த மாதத்தில், எத்தனை நாள் பிடித்தால் பிடிப்பவர் கையில் கடைசியில் பணம் மிஞ்சும்? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை தேடும் துறை ஒன்று உண்டு. அதைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான உதாரணங்கள் ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் மீன்பிடிப்பிலிருந்து வருகின்றன. இந்தக் கணக்கைக் காகிதத்தோடு நிறுத்தாமல் உண்மையான படகுகள் மீது அமல்படுத்திய இடங்களில் அது முக்கியமானது. நம் கடற்கரைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்பகுதியில் பார்க்கலாம்.

பொருளாதார மாதிரி என்றால் என்ன?

இரண்டு பாதிகள் கொண்ட ஒரு கணக்கு. முதல் பாதி கடலுக்குள் நடப்பது: இந்த ஆண்டு எவ்வளவு குஞ்சு சேர்ந்தது, வாரத்துக்கு எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு தானாகவே சாகிறது. இரண்டாம் பாதி கரையில் நடப்பது: எந்த அளவு இறால் என்ன விலை போகிறது, டீசல், ஐஸ், வலை, கூலி, படகுக் கடனுக்கான வட்டி எல்லாம் எவ்வளவு ஆகிறது. படகுகள் கடலில் செலவிடும் நாள்கள்தான் இரண்டு பாதிகளையும் இணைக்கின்றன. நாள்களைக் கூட்டினால் இந்த ஆண்டுப் பிடி கூடும், அடுத்த ஆண்டுக்கான தாய் இறால் குறையும். செலவு போக மிஞ்சுவது ஆண்டுக்கு ஆண்டு அதிகமாக இருக்க எத்தனை படகு நாள்கள் வேண்டும் என்று மாதிரி தேடுகிறது.

அதிகம் பிடித்தால் அதிக வருமானம்தானே?

இல்லை. இதை எண்களில் பார்த்தால்தான் புரியும். கற்பனையான ஒரு துறைமுகம். அங்கே ஒரே ஒரு படகு இருந்தால் அது ஆண்டுக்கு 99 லட்சம் ரூபாய்க்கு இறால் பிடிக்கும். இரண்டு படகுகள் என்றால் தலா 98 லட்சம். ஒவ்வொரு படகு கூடும்போதும் எல்லாப் படகுகளுக்கும் ஒரு லட்சம் குறைகிறது. ஒரு படகை ஓராண்டு ஓட்ட 40 லட்சம் செலவு.

30 படகுகள் ஓடினால் தலா 70 லட்சம் வரவு. துறைமுகத்தின் மொத்த வரவு 2,100 லட்சம். செலவு போகப் படகுக்கு 30 லட்சம் மிஞ்சும். மொத்த லாபம் 900 லட்சம்.

50 படகுகள் என்றால் தலா 50 லட்சம், மொத்தம் 2,500 லட்சம். பிடி உச்சத்தில் இருப்பது இங்கேதான். ஆனால் படகுக்கு மிஞ்சுவது 10 லட்சம், மொத்த லாபம் 500 லட்சம்.

அந்த 10 லட்சத்தைப் பார்த்து இன்னும் படகுகள் வரும். 60 படகுகள் ஆனதும் தலா 40 லட்சம் வரவு, 40 லட்சம் செலவு. யாருக்கும் எதுவும் மிஞ்சாது. யாரும் தடுக்காத கடலில் படகுகளின் எண்ணிக்கை வந்து நிற்கும் இடம் இதுதான். ஒவ்வொரு முதலாளியும் தன் அளவில் சரியாகவே முடிவெடுத்திருப்பார். புதிதாக வரும் படகு மற்ற படகுகளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு லட்சத்தை யார் கணக்கிலும் எழுத முடியாது என்பதால்தான் இந்த நிலை.

பிடி உச்சமாக இருக்கும் புள்ளியை அதிகபட்ச நிலைத்த விளைச்சல் என்பார்கள், சுருக்கமாக எம்.எஸ்.ஒய். லாபம் உச்சமாக இருக்கும் புள்ளி அதிகபட்சப் பொருளாதார விளைச்சல், எம்.இ.ஒய். நம் உதாரணத்தில் முதலாவது 50 படகுகள், இரண்டாவது 30. குறைவான படகுகள் ஓடும் நிலையில் கடலில் தங்கும் இறாலும் அதிகம். கடலுக்கும் பிடிப்பவருக்கும் நல்லது ஒரே திசையில் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்ததே இதனால்தான்.

இதை யார் முதலில் சொன்னார்கள்?

கனடாவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் 1954ல் எழுதிய கட்டுரையைத்தான் எல்லோரும் தொடக்கமாகச் சொல்வார்கள். மில்னர் ஷேஃபர் என்ற மீன்வள அறிவியலாளர் அதே ஆண்டில் விளைச்சல் வளைவைக் கொடுத்தார். இருவர் பெயரும் சேர்ந்து அது கார்டன்–ஷேஃபர் மாதிரி ஆனது. டென்மார்க்கின் யென்ஸ் வார்மிங் 1911லேயே கிட்டத்தட்ட இதையே டேனிஷ் மொழியில் எழுதியிருந்தார். வெளியுலகம் அதை வெகுகாலம் கவனிக்கவில்லை. 1970களில் காலின் கிளார்க் என்ற கணிதவியலாளர் இதில் காலத்தையும் வட்டியையும் சேர்த்தார்.

மீனுக்குப் போடும் கணக்கையே இறாலுக்கும் போட முடியாதா?

முடியாது. இறாலின் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பார்க்கும் மாதிரி இங்கே உதவாது. வாரம் வாரமாகக் கணக்கிட வேண்டும். அதைவிட முக்கியம், இறாலின் விலை எடையை மட்டும் பொறுத்ததில்லை, கவுண்ட்டைப் பொறுத்தது. ஏலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிலோவுக்கு 80 நிற்கும் பொடியும் 40 நிற்கும் பெரியதும் ஒரே விலைக்குப் போவதில்லை.

12 கிராம் எடையுள்ள 1,000 இறால்கள் கடலில் இருக்கின்றன என்று வையுங்கள். இன்றே பிடித்தால் 12 கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். எட்டு வாரம் விட்டுப் பிடித்தால்? ஆஸ்திரேலிய வரிப்புலி இறால்களுக்கான மாதிரிகளில் இயற்கைச் சாவு வாரத்துக்கு 0.045 என்று எடுத்துக்கொள்வார்கள். அதாவது வாரத்துக்கு நூற்றில் நான்கு அல்லது ஐந்து சாகும். எட்டு வாரத்தில் 1,000ல் சுமார் 700 மிஞ்சும். அவை 25 கிராமுக்கு வளர்ந்திருந்தால் 17.5 கிலோ. இப்போது 40 கவுண்ட். கிலோ 450 ரூபாய் என்றால் ஏறத்தாழ 7,900 ரூபாய். எடையும் விலையும் வளர்ச்சியும் நான் வைத்துக்கொண்டவை, ஆனால் கணக்கின் போக்கு உண்மையானது. முந்நூறு இறால் செத்த பிறகும் பணம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிறது.

இன்னும் காத்திருந்தால்? ஒரு கட்டத்தில் வளர்ச்சி மெதுவாகும், சாவு மட்டும் அதே வேகத்தில் தொடரும். பருவத்தை எந்த வாரம் திறப்பது என்பது இந்த இரண்டின் போட்டி. சின்ன இறால் நிறைந்த பகுதிகளைப் பருவத்தின் நடுவிலேயே மூடுவதற்கும் காரணம் இதுதான். தென் ஆஸ்திரேலியாவின் ஸ்பென்ஸர் வளைகுடாவில் 39 உரிமங்கள்தான். பருவம் திறக்குமுன் சோதனை இழுவை போட்டு, இறாலின் அளவைப் பார்த்து, எங்கே இழுக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

வடக்கு இறால் மீன்பிடிப்பில் என்ன நடந்தது?

ஆஸ்திரேலியாவின் தலைப்பகுதியில் கேப் லண்டன்டெர்ரியிலிருந்து கேப் யார்க் வரை, நடுவில் கார்பென்டேரியா வளைகுடா அடங்கிய நீண்ட கடல் அது. 1960களின் கடைசியில் தொழில் சூடுபிடித்தது. இரண்டு முக்கிய வகைகள். பகலில் கூட்டமாகச் சேரும் வாழை இறால். அந்தக் கூட்டங்களைச் சிறு விமானத்தில் பறந்து கண்டுபிடித்துப் படகுகளுக்குச் சொல்வார்கள். இரவில் இழுத்துப் பிடிக்கும் வரிப்புலி இறால். அதில் பழுப்பு, பள்ளமுதுகு என இரு இனங்கள்.

1980களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 300 படகுகள் ஓடின. வரிப்புலி இறால் சரிய ஆரம்பித்தது. படகுகளைக் குறைக்கும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1990களின் நடுவில் 130 சொச்சம் ஆனது. 2004 வாக்கில் ஒரு முக்கியமான முடிவு: பிடி உச்சத்தை விட்டுவிட்டு, லாப உச்சமே இலக்கு என்று ஏற்றுக்கொண்டார்கள். படகு உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசிய ஆலோசனைக் குழுவில்தான் அது நடந்தது. 2005ல் அந்நாட்டு அரசு 22 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. அது பல மீன்பிடிப்புகளுக்கும் பொதுவானது. அதில் உரிமங்களை விலைக்கு வாங்கித் திரும்ப எடுத்துக்கொண்டதில் இங்கே மிஞ்சியவை 52 படகுகள்.

2007ல் ஆஸ்திரேலிய மத்திய அரசின் அறுவடைக் கொள்கை எம்.இ.ஒய்யைத் தன் கீழுள்ள மீன்பிடிப்புகளுக்கெல்லாம் இலக்காக்கியது. மாதிரி போடத் தரவு போதாத இனங்களுக்கு ஒரு தோராய விதியும் தந்தது: எம்.எஸ்.ஒய் நிலையில் கடலில் இருக்க வேண்டிய இருப்பைப்போல் 1.2 மடங்கு வை. தொடாத கடலில் இருந்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பு விழுந்தால் அந்த இனத்தைக் குறிவைத்துப் பிடிப்பது நிறுத்தப்படும். 2012ல் இந்த வடக்கு இறால் மீன்பிடிப்புக்கு, கடல்வளம் குறையாமல் பிடிப்பதற்கான எம்.எஸ்.சி. சான்றிதழும் கிடைத்தது.

மாதிரியின் விடை படகுக்காரரை எப்படிப் போய்ச் சேர்கிறது?

அங்கே இத்தனை டன் என்று பங்கீடு கிடையாது. ஒவ்வொரு உரிமையாளரிடமும் வலையின் மேல்கயிற்று நீளத்துக்கான உரிமை இருக்கிறது. அதை விற்கலாம், வாங்கலாம். வரிப்புலி இறாலின் இருப்பை மதிப்பிட்டு, விலையையும் செலவையும் சேர்த்து மாதிரியை ஓட்டுவார்கள். அதிகம் இழுக்கிறோம் என்று தெரிந்தால் நீளத்தையோ நாள்களையோ குறைக்கலாம்.

வாழை இறாலின் கதை வேறு. அது மழையின் பிள்ளை. குஞ்சுகள் சதுப்புநிலக் கழிமுகங்களில் வளர்கின்றன. நல்ல மழை பெய்து ஆறு பெருகினால் கடலுக்குத் தள்ளப்படுகின்றன. போன ஆண்டு எத்தனை தாய் இருந்தது என்பதைவிட இந்த ஆண்டு எவ்வளவு மழை என்பதே பிடியைத் தீர்மானிக்கிறது. அதனால் முன்கூட்டி எதுவும் சொல்லாமல், பருவம் நடக்கும்போதே படகுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். அது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பருவத்தை முன்னதாக மூடிவிடுவார்கள். அந்த அளவை அந்த ஆண்டின் இறால் விலையும் டீசல் விலையும் தீர்மானிக்கின்றன. டன் பங்கீட்டுக்கு மாறலாமா என்று பல ஆண்டுகள் விவாதித்துவிட்டு அதைக் கைவிட்டதற்கு ஒரு பெரிய காரணம் இந்த மழை இறால்தான்.

படகைக் குறைத்தால் வேலை இழப்பவர்களை மாதிரி பார்க்கிறதா?

பார்ப்பதில்லை. இந்தத் துறையைப் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி தாண்டிப் போகும் இடம் இது. 60 படகுகளிலிருந்து 30க்கு வந்தால் லாபம் பூஜ்யத்திலிருந்து 900 லட்சமாகிறது என்று மாதிரி சொல்லும். அந்த 900 லட்சம் யாருக்கு என்று சொல்லாது. நின்றுபோன முப்பது படகுகளில் வேலை செய்தவர்கள், ஐஸ் உடைத்தவர்கள், இறால் உரித்த பெண்கள், வலை பின்னியவர்கள் அந்தக் கணக்கில் செலவாகத்தான் தெரிகிறார்கள், அல்லது தெரிவதே இல்லை.

இதற்கு இரண்டு பதில்கள் சொல்வார்கள். ஒன்று, உரித்தல் முதல் ஏற்றுமதி வரை உள்ள எல்லோருடைய வருமானத்தையும் கணக்கில் சேர்த்தால் இலக்கு எம்.எஸ்.ஒய் பக்கம் நகரும் என்பது. இன்னொன்று, லாபம் இருந்தால்தான் வரியாகவோ இழப்பீடாகவோ எடுத்துப் பங்கிட முடியும், லாபமே இல்லாத கடலில் பங்கிட என்ன இருக்கிறது என்பது. இரண்டாவது வாதம் சரி என்றே நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: பங்கீடு எப்படி என்பது படகைக் குறைக்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். குறைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் லாபம் மிஞ்சிய முப்பது பேரிடமே தங்கிவிடும்.

வட்டி விகிதம் எதற்கு வருகிறது?

இன்று பிடிக்காமல் விடும் இறால் ஒரு முதலீடு. அது வங்கி வட்டியைவிட வேகமாகப் பெருகுமா என்பதுதான் கேள்வி. திமிங்கிலம் போல மெல்லப் பெருகும் உயிருக்கு இந்தக் கணக்கு கொடூரமாகப் போகும்: முழுவதையும் பிடித்து விற்றுப் பணத்தை வங்கியில் போடுவதே லாபம் என்று விடை வரலாம் என்று கிளார்க் 1973லேயே காட்டினார். இறால் வேகமாகப் பெருகுவதால் அந்த ஆபத்து இங்கே குறைவு. ஆனால் கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் படகு ஓட்டுபவரின் சொந்த வட்டி விகிதம் வங்கியுடையதைவிடப் பல மடங்கு. நாளை வளரும் இறாலுக்காகக் காத்திருக்கச் சொல்லுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாதிரி எங்கே தவறும்?

அடிக்கடி தவறும் இடம் படகின் திறன். காகிதத்தில் அதே 52 படகுகள், அதே நாள்கள். ஆனால் ஜிபிஎஸ் வந்தது, தடத்தைத் திரையில் வரைந்து காட்டும் பிளாட்டர் வந்தது, வலை அமைப்பு மாறியது. ஒரு நாளின் இழுவை பழைய ஒரு நாளின் இழுவையாக இல்லை. இந்த மறைமுகக் கூடுதலை எடுத்துக்கொள்ளாவிட்டால், பிடி நன்றாக இருக்கிறது, ஆகவே இறால் நிறைய இருக்கிறது என்று மாதிரி தவறாகச் சொல்லும்.

விலையும் கைவிடும். ஆசியாவிலிருந்து பண்ணைகளில் வளர்த்த வனாமி இறால் குவிந்தபோது கடல் இறாலின் விலை அழுந்தியது. நம் உதாரணத் துறைமுகத்தில் செலவு 40லிருந்து 50 லட்சமானால் சரியான எண்ணிக்கை 30லிருந்து 25 படகுகளாக இறங்கும். எம்.இ.ஒய் ஒருமுறை கண்டுபிடித்துச் சுவரில் எழுதி வைக்கும் எண் கிடையாது. டீசல் விலையோடு அதுவும் நகரும்.

மாதிரிக்கு வெளியே இருந்தும் அடி விழும். 2015 கடைசியில் கார்பென்டேரியா வளைகுடாவின் சுமார் 1,000 கிலோமீட்டர் கரையில் 7,000 ஹெக்டேருக்கு மேல் சதுப்புநிலக் காடு பட்டுப்போனது. வாழை இறாலின் குஞ்சு வளரும் இடமே அதுதான். எந்த லாபக் கணக்கும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது பொருந்துமா?

அடிப்படை பொருந்தும், மாதிரியை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஒற்றுமையும் உண்டு: ஏற்றுமதிக்காரர்கள் ஃப்ளவர் என்று சொல்லும் பள்ளமுதுகு இறால் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைப்பதுதான், நம் வெள்ளை இறால் வடக்கு ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்திலும் பிடிபடுகிறது.

வேற்றுமை படகில் இருக்கிறது. அங்கே இறாலுக்காகவே போகிறார்கள். இங்கே விசைப்படகின் மடியை, அதாவது பிடி சேரும் வலைப்பையை, அவிழ்த்தால் இறால், நண்டு, கணவாய், பல வகை மீன், அடியில் சங்காயம் எனப்படும் மலிவான பொடிமீன் கலவை. சங்காயம் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிறது. இறால் குறைந்து லாபமில்லாமல் போன நாளிலும் சங்காயப் பணம் டீசலுக்குக் கட்டினால் படகு போகும். இறாலை மட்டும் வைத்துப் போட்ட மாதிரி அந்த நாளில் படகு கரையில் நிற்கும் என்று சொல்லும்.

கூலியும் வேறு. நம்மிடம் பெரும்பாலும் பங்கு முறை: டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியை முதலாளியும் தொழிலாளர்களும் பிரித்துக்கொள்கிறார்கள். பிடி குறைந்தால் கூலியும் தானாகக் குறைகிறது. முதலாளியின் நஷ்டத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளி சுமக்கிறார். அதனால் படகுகள் தாங்க வேண்டியதைவிட நெடுநாள் தாங்குகின்றன. கூலியை நிலையான செலவாக எழுதினால் இது கண்ணில் படாது.

61 நாள் தடைக்காலம் போதாதா?

நல்ல விதி, பாதி வேலை செய்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கின்றன. 2017க்கு முன்பு 45 நாள்தான். அந்த இரண்டு மாதத்தில் இறால் வளர்வதன் பலனை மேலே பார்த்தோம். ஆனால் எத்தனை படகுகள் என்பதை அது தொடவில்லை. ஜூன் 15 காலையில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், வளர்த்த இறாலைச் சில வாரங்களில் போட்டி போட்டு எடுத்துவிடுவார்கள். ஒரே நேரத்தில் கரைக்கு வருவதால் விலையும் இறங்கும். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு, என் பார்வையில், இதைவிடக் கூர்மையான கருவி. அது நேராகப் படகு நாள்களைக் கட்டுப்படுத்துகிறது, அந்தக் கடலின் மீனவர்களிடையே எழுந்த பிரச்சினைக்குத் தீர்வாக வந்தது.

படகைக் குறைக்கும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. 2017ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் தூண்டில் படகு வாங்க 80 லட்ச ரூபாய் மதிப்பில், பெரும்பகுதி மானியமாக, ஒரு திட்டம் வந்தது. 2,000 படகுகள் இலக்கு. எதிர்பார்த்த வேகத்தில் அது நகரவில்லை. கரையோரத்தில் ஒரு நாள் தொழில் செய்து பழகியவர் பல நாள் ஆழ்கடல் தொழிலுக்கு மாற, பணத்தோடு வேறு பலவும் வேண்டும்.

டீசல் மானியம் மீனவருக்கு நல்லதுதானே?

இன்றைய செலவுக்கு நல்லது. நம் துறைமுகத்துக்கே திரும்புவோம். அரசு படகுக்கு 10 லட்சம் தந்தால் முதலாளியின் செலவு 30 லட்சமாகிறது. கொஞ்சகாலம் எல்லோருக்கும் லாபம். லாபத்தைப் பார்த்துப் படகுகள் கூடும். 70 படகுகளில் மறுபடி வரவும் செலவும் சமமாகிவிடும். அப்போது மொத்தப் பிடியின் மதிப்பு 2,100 லட்சம். அதே 2,100 லட்சத்தை 30 படகுகளே பிடித்திருக்கும். இடையில் அரசு 700 லட்சம் கொடுத்திருக்கிறது, நாற்பது படகுகளின் டீசல் வீணாக எரிந்திருக்கிறது, எந்த வீட்டிலும் கூடுதலாக ஒரு ரூபாய் தங்கவில்லை. அதே பணத்தைத் தடைக்கால நிவாரணமாகவோ தொழிலாளர் காப்பீடாகவோ கொடுத்தால் படகுகளின் எண்ணிக்கை அதிகமாகாது, பணம் வீட்டுக்குப் போய்ச் சேரும். மானியத்தை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. கடனில் இருப்பவரை அது மூழ்கடித்துவிடும். கொடுக்கும் வழியை மாற்றச் சொல்கிறேன்.

எங்கள் சங்கமே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், கணினி நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் சில படகுகளின் பிடியைப் பார்த்து மொத்தப் பிடியை மதிப்பிடுகிறது. ஆனால் உங்கள் படகின் டீசல் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்பட்ட நாள், எத்தனை இழுவை, எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் டீசல், கவுண்ட் வாரியாக இறால் எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலை, சங்காயம் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். வலையையோ இன்ஜினையோ மாற்றினால் அந்தத் தேதியையும் குறியுங்கள். மேலே சொன்ன மறைமுகக் கூடுதலைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. பத்துப் பதினைந்து படகுகள் இரண்டு மூன்று பருவம் இப்படி எழுதினால், எந்த மாதம் கடலுக்குப் போவதே நஷ்டம் என்பது சாதாரண எக்செல் தாளிலேயே தெரிந்துவிடும். அந்த நாள்களை எல்லோரும் சேர்ந்து விட்டுவிடுவது பற்றிச் சங்கத்தில் பேசலாம். ஒருவர் மட்டும் விட்டால் அவர் பங்கை மற்றவர் பிடித்துக்கொள்வார், ஆகவே கையெழுத்து எல்லோருடையதாகவும் இருக்க வேண்டும். பக்கத்துத் துறைமுகம் அதே கடலில் இழுக்கிறது என்றால் அவர்களையும் கூப்பிட்டே பேச வேண்டும்.